ஆன்லைன் டிகிரின்னா இன்டர்வியூல மட்டமா பாப்பாங்களா? – வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல நெறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். கல்யாணப் பேச்சு, மாமியார் பிரச்சனை கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அப்புறம் சிலபேர் மார்க் ஷீட்டை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புறீங்க, ரெஜிஸ்டர் நம்பர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, யாருக்குமே அப்படி அனுப்பாதீங்க, எனக்கும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில, பையர் ஆர்டர்களைக் கவனிச்சுக்கற மெர்ச்சன்டைசரா இருக்கேன். பி.காம் ரெகுலர், வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல எம்.பி.ஏ முடிச்சிட்டேன். அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல சீனியர் மெர்ச்சன்டைசர் போஸ்டுக்கு இன்டர்வியூ. ஆன்லைன்னு தெரிஞ்சா மட்டமா நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு. ரெஸ்யூம்ல சும்மா எம்.பி.ஏன்னு மட்டும் போட்டுக்கோ, கேட்டா பாத்துக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா. போடலாமா? – பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வேண்டாம்மா, ஃப்ரெண்ட் பேச்சைக் கேக்காத.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, "கம்பெனி எப்படி பாக்கும்"னு நாம கேக்குறோம், ஆனா கம்பெனின்னு ஒரே ஆள் உக்காந்திருக்கறது இல்ல. ரெஸ்யூமை வடிகட்டுற ஹெச்.ஆர் ஒருத்தர், எதிர்ல உக்காந்து கேள்வி கேக்குற மேனேஜர் ஒருத்தர், எல்லாம் ஓகே ஆகி ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் சர்டிஃபிகேட்டை செக் பண்ற பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரங்க தனி. இந்த மூணு பேருல ஆன்லைனா ரெகுலரான்னு கம்மியா கவலைப்படுறது அந்த நடு ஆள் தான், நாம ராத்திரி தூக்கம் கெட்டு பயப்படுறது என்னவோ அவரைப் பாத்து தான்.

கடைசி ஆளுகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா உன் ஃப்ரெண்ட் சொன்ன ஐடியா அங்க தான் மாட்டும். நீ வேலை பாத்துக்கிட்டே படிச்சிருக்க, ரெஸ்யூம்ல உதாரணத்துக்கு 2022ல இருந்து 2024 வரை எம்.பி.ஏன்னு இருக்கு, அதே 2022ல இருந்து 2024 வரை திருப்பூர்ல ஃபுல் டைம் வேலைன்னும் இருக்கு, ஆன்லைன்ங்கற வார்த்தை எங்கயும் இல்ல. வெரிஃபிகேஷன்காரன் உன் பி.எஃப் கணக்கோட யூ.ஏ.என் நம்பரைப் போட்டு எந்தெந்த மாசம் எந்தக் கம்பெனில இருந்தன்னு பாத்துடுவான், ரெண்டு தேதியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், அப்ப அவன் கண்ணுக்கு ரெண்டுல ஒண்ணு பொய்யா தான் தெரியும். மார்க் ஷீட்டைத் திருப்பிப் பாரு, பின்பக்கம் எந்த முறைல படிச்சன்னு போட்டிருக்கணும், யூனிவர்சிட்டிகளை மேற்பார்வை பாக்குற மத்திய அமைப்பான யூ.ஜி.சி 2020ல கொண்டு வந்த விதிமுறைலயே அது இருக்கு. நல்லா படிச்சு பாஸ் பண்ண டிகிரிக்கு நீயே சந்தேகத்தை இழுத்து விட்டுக்கற மாதிரி ஆயிடும். "எம்.பி.ஏ (ஆன்லைன்), யூனிவர்சிட்டி பேரு, வருஷம், வேலையுடன் சேர்ந்து படித்தது"ன்னு ஒரே வரில போட்டுடு, தேதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது.

யூனிவர்சிட்டி பேரைத்தான் போடணும், அட்மிஷன் போட்டுக் குடுத்த ஆப் பேரை இல்ல. நெறைய பேர் இதுல சொதப்புறாங்க, எங்க படிச்சீங்கன்னு கேட்டா டிவில விளம்பரம் வர்ற ஆப் பேரைச் சொல்றாங்க. டிகிரி குடுக்குறது யூனிவர்சிட்டி, ஆப் நடுவுல நிக்கிற ஆளு, அவ்ளோதான். இன்னொண்ணு, அந்த ஆப்கள்ல "எக்ஸிகியூட்டிவ் ப்ரோக்ராம்", "பி.ஜி சர்டிஃபிகேட்"னு விக்கிறதுல பலது டிகிரியே கிடையாது, வெறும் சர்டிஃபிகேட் தான், அதை எம்.பி.ஏன்னு போட்டா நேரா ரிஜெக்ட். உன்னோடது நிஜமாவே எம்.பி.ஏ டிகிரி தானான்னு ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கோ.

முதல் ஆள், ஹெச்.ஆர். அவங்களுக்கு ஒரே கேள்வி தான், யூ.ஜி.சி அங்கீகாரம் இருக்கா. இருக்குன்னா விஷயம் முடிஞ்சுது. 2022 செப்டம்பர்ல யூ.ஜி.சி தெளிவா ஒரு அறிவிப்பே விட்டுச்சு, அங்கீகாரம் உள்ள நிறுவனத்துல தொலைதூரக் கல்விலயோ ஆன்லைன்லயோ வாங்கின டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு. யூ.ஜி.சியோட தொலைதூரக் கல்வி பிரிவு வெப்சைட்ல எந்த யூனிவர்சிட்டிக்கு எந்த கோர்ஸுக்கு எந்த வருஷம் அனுமதின்னு லிஸ்ட் இருக்கும், நீ சேர்ந்த வருஷத்துல உன் கோர்ஸ் இருக்கற பக்கத்தை எடுத்து ஃபைல்ல வச்சுக்கோ. வருஷம் முக்கியம்மா, அனுமதி நிரந்தரம் கிடையாது, ஒரு வருஷம் இருந்துட்டு அடுத்த வருஷம் இல்லாம போன கதையெல்லாம் இருக்கு.

இப்ப நடு ஆள். ஒரு தடவை உன்ன மாதிரியே ஒரு பொண்ணு வந்திருந்தா, நான் ஹெச்.ஆர் சைடுல பக்கத்துல உக்காந்திருந்தேன், கேள்வி கேட்டது கம்பெனியோட ஜி.எம், நூல் மண்டில இருந்து மேல வந்த மனுஷன். ஃபைலைப் புரட்டினாரு, "ஆன்லைனா?"ன்னாரு, "ஆமா சார், வேலைய விட முடியல, அதனால ஆன்லைன்"னா. அவ்ளோதான், அந்த டாபிக் அங்கயே முடிஞ்சு போச்சு. அடுத்த கேள்வி தான் கேள்வி. "சரிம்மா, ஃபைனான்ஸ் பேப்பர் படிச்சிருக்க. நூல்காரனுக்கு 30 நாள்ல பணம் கட்டணும், பையர் 90 நாள் கழிச்சுத்தான் தர்றான். 10 லட்ச ரூபாய்க்கு நூல் எடுத்திருக்கோம், நடுவுல இருக்கற 60 நாள் வட்டி நீ போடுற காஸ்டிங் ஷீட்ல எந்த லைன்ல இருக்கு?" அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் யோசிச்சா, 12 பர்சென்ட் வட்டின்னு வச்சு 20,000 ரூபா கிட்ட வரும்னு வாயாலயே கணக்கு போட்டா, அப்புறம் "எங்க ஷீட்ல அது இல்ல சார், ஓவர்ஹெட்னு பொதுச் செலவுல போட்டு அமுக்கிடுறோம், அது தப்பு, சின்ன ஆர்டர்ல மார்ஜினையே சாப்ட்ரும்"னா. ஜி.எம் முகத்துல சிரிப்பு வந்துடுச்சு. ஷிப்மென்ட் லேட் ஆகி ஏர்ல அனுப்பினா அந்தச் செலவு யார் தலைலன்னு அடுத்து அரை மணி நேரம் அதே பேச்சு தான். டிகிரி பத்தி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை வரல.

அதனால நீ இந்த ஒரு வாரத்துல பண்ண வேண்டியது, படிச்ச ரெண்டு மூணு சப்ஜெக்ட்டை எடுத்து உன் டேபிள்ல நடக்குற விஷயத்தோட முடிச்சு போட்டு வச்சுக்கறது. எந்த வேலை எந்தத் தேதிக்குள்ள முடியணும்னு போடுற உன் டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர், டையிங்ல தேங்குற லாட், சாம்பிள் அப்ரூவலுக்கு காத்திருக்கற நாள், இதெல்லாம் ஆபரேஷன்ஸ் பேப்பர்ல படிச்சது தானே. ஏன் ரெகுலர் போகலன்னு கேட்டா ஒரே வரில சொல்லு, வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் அங்க இறக்கி வைக்காத, மன்னிப்பு கேக்குற குரலும் வேண்டாம்.

ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடுறேன். ஐ.ஐ.எம் மாதிரி இடத்துக்கு கேம்பஸுக்கே போய் ஆள் எடுக்குற கன்சல்டிங் வேலை, பேங்க் மேனேஜ்மென்ட் ட்ரெய்னி வேலை எல்லாம் இந்த எம்.பி.ஏவை வச்சுக் கெடைக்காது. அது வேற கடை. உனக்கு அது தேவையும் இல்ல, கைல வேலை அனுபவம் இருக்கு, இந்த டிகிரி அதுக்கு மேல ஒரு படி, அந்த அளவுக்கு நல்லாவே வேலை செய்யும்.

கேள்வி: மேடம், நான் ஆன்லைன்ல பி.சி.ஏ முடிச்சேன். சென்னைல ஒரு இன்டர்வியூல ஒருத்தர் "வீட்ல உக்காந்து புக்கைப் பாத்து எழுதின டிகிரியா?"ன்னு சிரிச்சாரு. பதில் சொல்ல முடியாம எந்திரிச்சு வந்துட்டேன். பெரிய ஐ.டி கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணா ஃபார்ம்லயே தள்ளிவிட்டுடுது. நான் படிச்சது வேஸ்டா? – வாசகர், சேலம்

பதில்: தம்பி, அந்த ஆள் பேசினது அசிங்கம், ஆனா அந்த சந்தேகம் அவருக்கு மட்டும் இருக்கற சந்தேகம் இல்ல, உன்னை நேர்ல பாத்து சிரிக்காதவங்களுக்கும் மனசுக்குள்ள அது இருக்கும், அதனால பதிலை ரெடியா வச்சுக்கோ. எப்படி எக்ஸாம் எழுதினன்னு சொல்லு, வெப்கேமரா முன்னாடி ஐடி கார்டைக் காட்டி, ரூமைச் சுத்திக் காட்டி, கண்ணு அந்தப் பக்கம் போனாலே வார்னிங் வர்ற மாதிரி எழுதினியா, இல்ல சென்டருக்குப் போய் எழுதினியா, எதுவோ அதை அப்படியே சொல்லு. 2020, 2021ல ரெகுலர் காலேஜ் பசங்களும் வீட்ல உக்காந்து தான் பரீட்சை எழுதினாங்க, இது அவருக்கும் தெரியும், ஆனா அதை நீ வாய விட்டுச் சொல்லாத, சண்டை மாதிரி ஆயிடும். "சார், சந்தேகம் இருந்தா இப்பவே ஒரு ப்ரோக்ராம் குடுங்க, இங்கயே எழுதிக் காட்டுறேன்"னு சொல்லிப் பாரு. சிரிச்ச ஆளே பேப்பரைத் தள்ளுவாரு. குடுத்தா எழுத வருமா உனக்கு? அதை மட்டும் கண்ணாடி முன்னாடி நின்னு உன்னையே கேட்டுக்கோ, ஏன்னா டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணி ஒரு எஸ்.க்யூ.எல் க்வெரி எழுதச் சொன்னாலே திணறுறவங்க ரெகுலர்லயும் இருக்காங்க ஆன்லைன்லயும் இருக்காங்க, ரெகுலர்காரன் திணறினா நெர்வஸா இருக்கான்னு விட்டுடுவாங்க, நீ திணறினா டிகிரி மேல பழி போடுவாங்க. அநியாயம் தான். ஆனா அப்படித்தான் இருக்கு.

பெரிய ஐ.டி கம்பெனி ஃபார்ம் விஷயம். ஆயிரக்கணக்குல ஃப்ரெஷர் எடுக்குற கம்பெனிகள் பலதுல "ஃபுல் டைம் கோர்ஸ் மட்டும்"னு தகுதில போட்டிருப்பாங்க. யூ.ஜி.சி சமம்னு சொன்னாலும் தனியார் கம்பெனி தன் தகுதியைத் தானே வச்சுக்கலாம், அதுல வாதாடிப் பிரயோஜனம் இல்ல. கோபத்துல ஃபுல் டைம்னு டிக் பண்ணிட்டு உள்ள போயிடாத, வெரிஃபிகேஷன்ல ரெட் விழுந்தா வேலையும் போகும், திரும்ப அங்க அப்ளை பண்ணவும் முடியாம போகலாம். ஃபார்ம்ல படிச்ச முறை கேக்குற லிஸ்ட்ல ஆன்லைன்னு ஒரு ஆப்ஷனே இல்லைன்னா டிஸ்டன்ஸ்னு போட்டுட்டு ரிமார்க்ஸ்ல ஆன்லைன்னு எழுதிடு.

அந்த வாசல் மூடினா வேற வாசல் இருக்கு. கோயம்புத்தூர்லயும் சென்னைலயும் சின்ன சின்ன ப்ராடக்ட் கம்பெனிகள்ல ஹெச்.ஆர் வடிகட்டுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் வச்சுடுறாங்க, பாஸ் பண்ணவனோட டிகிரியைத்தான் அப்புறம் பாக்குறாங்க. ஜோஹோ எல்லாம் 2000களோட நடுவுல இருந்தே ப்ளஸ் டூ, டிப்ளமோ பசங்களை எடுத்து, சொல்லிக்குடுத்து, வேலையும் குடுத்துட்டு இருக்காங்க. ரெண்டு வருஷம் எங்கயாவது உருப்படியா வேலை பாத்துட்டா, அதுக்கப்புறம் அனுபவம் உள்ளவங்களை எடுக்குற லேட்டரல் ஹையரிங்ல கேள்வி எல்லாம் நீ பண்ண ப்ராஜெக்ட் பத்தி தான் வரும். நல்ல ப்ராஜெக்ட் ரெண்டு, கோடைப் போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல போட்டு லிங்க்கை ரெஸ்யூம் மேலயே குடு, லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் மட்டும் வேண்டாம்யா, பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப் போச்சு.

கேள்வி: அம்மா, என் பையன் ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆன்லைன் பி.எஸ் படிக்கிறான். சொந்தக்காரங்க "அது நிஜ ஐ.ஐ.டி இல்லையே"ன்னு கிண்டல் பண்றாங்க. கம்பெனில மதிப்பாங்களா? – ஒரு அப்பா, மதுரை

பதில்: ஐயா, கிண்டல் பண்றவங்களை, உள்ள சேர்றதுக்கு வைக்கிற அந்த க்வாலிஃபையர் பரீட்சையை ஒரு தடவை எழுதச் சொல்லுங்க. 2020ல ஆரம்பிச்ச கோர்ஸ் அது, ஜே.இ.இ நுழைவுத் தேர்வு கேக்கறதில்லைங்கறதால ஈஸின்னு ஊர்ல பேச்சு, ஆனா நாலு வாரம் பாடம் கேட்டு, வாராவாரம் அசைன்மென்ட் முடிச்சு, நேர்ல போய் பரீட்சை எழுதி பாஸ் பண்ணாத்தான் உள்ளயே விடுவாங்க. அதுக்கப்புறமும் பாடம் தான் ஆன்லைன், க்விஸும் செமஸ்டர் பரீட்சையும் சென்டர்ல நேர்ல தான். இன்டர்வியூல உங்க பையன் சொல்ல வேண்டியதும் இதைத்தான், "பாடம் ஆன்லைன், எக்ஸாம் நேர்ல". அந்த ஒரு வரில பாதி சந்தேகம் போயிடும்.

ஆனா ஒரு விஷயம் பையன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ரெஸ்யூம்ல வெறும் "ஐ.ஐ.டி மெட்ராஸ்"னு போட்டுட்டு பி.டெக் மாதிரி தோணட்டும்னு விட்றது நடக்குது, இன்டர்வியூ பண்றவர் அங்கயே கேம்பஸ்ல படிச்சவரா இருந்தா "எந்த ஹாஸ்டல்?"ங்கற ரெண்டாவது கேள்வில குட்டு உடைஞ்சிடும், அப்புறம் அவன் எவ்ளோ நல்லா கோட் எழுதினாலும் அந்த ஆள் மனசு மாறாது. "பி.எஸ், டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்"னு முழுப் பேரைப் போடட்டும், அதுவே நல்ல பேரு தான். கேம்பஸ் பி.டெக் பசங்களுக்கு நடக்குற ப்ளேஸ்மென்ட்ல இவங்களுக்கு இடம் கிடையாது, இவங்களுக்குன்னு தனி ஏற்பாடு இருக்கு, அதை எதிர்பார்ப்புல வச்சுக்கோங்க. கூடவே ரெகுலர் காலேஜ்லயும் படிக்கிறான்னா, 2022ல இருந்து ரெண்டு டிகிரி ஒரே சமயத்துல படிக்க யூ.ஜி.சி அனுமதி குடுத்திருக்கு, ஒண்ணு ரெகுலர், ஒண்ணு ஆன்லைன், பரவால்ல. ஆனா ரெண்டையும் இழுக்க அவனால முடியுதான்னு நீங்க தான் பாக்கணும், கணக்கு வராத பசங்க மொதல் வருஷத்துலயே மூச்சு வாங்குறாங்க.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு ஓசூர்ல வேலை பாக்குறேன். ஒரே வருஷத்துல ஆன்லைன் பி.டெக் வாங்கித் தர்றோம், வருஷத்தை முன்தேதி போட்டுத் தர்றோம்னு தினமும் ஃபோன் வருது. ப்ரமோஷனுக்கு வச்சுக்கலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: நம்பரை ப்ளாக் பண்ணு தம்பி. பி.டெக் ஆன்லைன்லயோ தொலைதூரக் கல்விலயோ குடுக்க அனுமதியே கிடையாது, சட்டம், மருத்துவம், நர்சிங், பார்மசி, ஆர்க்கிடெக்சர் எதுவுமே கிடையாது. முன்தேதி போட்டுத் தர்றேன்னு சொல்றவன் போலி சர்டிஃபிகேட் விக்கிறான், வாங்கினா நீயும் கேஸ்ல நிப்ப. 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியில குடுத்த இன்ஜினியரிங் டிகிரி மேல தீர்ப்பு சொன்னப்ப, 2001ல இருந்து 2005 வரை சேர்ந்தவங்க டிகிரியை நிறுத்தி வச்சு திரும்ப பரீட்சை எழுதச் சொன்னாங்க, அதுக்கப்புறம் சேர்ந்தவங்க டிகிரி ரத்து. அந்த டிகிரியை வச்சு ப்ரமோஷன் வாங்கி வருஷக்கணக்கா உக்காந்திருந்தவங்க எல்லாம் அதுல மாட்டினாங்க. உனக்கு நேர் வழி இருக்கு, வேலை பாக்குறவங்களுக்குன்னே, இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அனுமதி குடுக்குற ஏ.ஐ.சி.டி.இ 2023ல இருந்து தனி வகுப்புக்கு அனுமதி குடுக்குது, டிப்ளமோக்காரங்க நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம், பக்கத்துல எந்த காலேஜ்ல இருக்குன்னு விசாரி. சாயங்காலம் போய் உக்காரணும், கஷ்டம் தான்.

கேள்வி: பத்தாவதோட நின்னுட்டு, அப்புறம் ப்ளஸ் டூ எழுதாம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.ஏ முடிச்சேன். குரூப் 2 எழுதலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கச்சி, இது கஷ்டமான பதில். தமிழ்நாடு அரசு வேலைக்கு பத்தாவது, ப்ளஸ் டூ, அதுக்கப்புறம் டிகிரின்னு வரிசையா வரணும், 2009 ஆகஸ்ட்ல போட்ட அரசாணை 107 அதைத்தான் சொல்லுது. திறந்தநிலைல படிச்சது பிரச்சனை இல்ல, நடுவுல ப்ளஸ் டூ இல்லாதது தான் பிரச்சனை. இப்ப போய் ப்ளஸ் டூ மட்டும் எழுதினா வரிசை மாறிடும்கறதால அதுவும் போதாது, ப்ளஸ் டூவை தனித்தேர்வா முடிச்சிட்டு மறுபடி ஒரு டிகிரி போடறது தான் பாதுகாப்பு. அதுவரைக்கும் குரூப் 4 எழுதுங்க, அதுக்குப் பத்தாவது போதும். தனியார்ல இந்த வரிசைக் கணக்கு அவ்ளோ கறாரா இருக்காது, ஆனா ப்ளஸ் டூ மார்க் ஷீட் எங்கன்னு கேப்பாங்க, உள்ளதைச் சொல்லுங்க.

கேள்வி: ஆன்லைன்ல எம்.எஸ்சி சைக்காலஜி சேரலாம்னு இருக்கேன், கவுன்சிலர் வேலை கெடைக்குமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சேராதீங்க. சைக்காலஜி, நியூட்ரிஷன், மைக்ரோபயாலஜி மாதிரி ஹெல்த் சம்பந்தப்பட்ட கோர்ஸ்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து ஆன்லைன், தொலைதூரம் ரெண்டுலயும் நடத்தக் கூடாதுன்னு யூ.ஜி.சி நிறுத்திடுச்சு. இப்பவும் யாராவது சீட் இருக்குன்னு சொன்னா பணத்தைக் கட்டிடாதீங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் துபாய்ல ஸ்டோர் கீப்பர். ஆன்லைன்ல பி.பி.ஏ படிச்சா சூப்பர்வைசர் ஆகலாம்னு சொல்றாரு. அங்க ஒத்துக்குவாங்களா? – வாசகி, ராமநாதபுரம்

பதில்: அங்க மேனேஜர் ஒத்துக்கிட்டாலும் விசா குடுக்குற அரசாங்க கவுன்ட்டர் ஒத்துக்கணும், அது தான் வித்தியாசம். டிகிரியை வச்சு விசாவுல வேலைப் பேரை மாத்தணும்னா சர்டிஃபிகேட்டுக்கு இங்க மாநில அரசு அட்டெஸ்டேஷன், அப்புறம் வெளியுறவுத் துறை, அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம், கடைசியா அங்க போய் அவங்க வெளியுறவு அமைச்சகம்னு வரிசையா முத்திரை விழணும், நடுவுல யூனிவர்சிட்டிகிட்ட எந்த முறைல படிச்சாருன்னும் கேக்கலாம். அதனால ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருகிட்ட கேக்கச் சொல்லுங்க, அவர் கம்பெனில விசா வேலை பாக்குற பி.ஆர்.ஓகிட்ட "ஆன்லைன் இந்தியன் டிகிரிய வச்சு இதுக்கு முன்னாடி யாருக்காவது மாத்திக் குடுத்திருக்கீங்களா"ன்னு, யூனிவர்சிட்டிகிட்ட "வெளிநாட்டுல இருந்து பரீட்சை எழுத முடியுமா, அட்டெஸ்டேஷனுக்கு லெட்டர் குடுப்பீங்களா"ன்னு. ரெண்டு பேரும் ஆமான்னு சொன்னா தாராளமா சேரட்டும். பி.ஆர்.ஓ முடியாதுன்னு சொன்னாலும் அதே கம்பெனிக்குள்ள விசாவை மாத்தாம பொறுப்பை மட்டும் ஏத்திக் குடுக்குறது உண்டு, சம்பளம் ஏறுமான்னு அதையும் அப்பவே கேட்டுடச் சொல்லுங்க, வாய்ப்பேச்சா இல்லாம மெயில்ல.